நவம்பரில் பிறந்த குழந்தை, பிப்ரவரியில் வந்த பில்

புதன்கிழமை காலை பத்து மணிவாக்கில், எங்கள் ஊழியர்களின் மருத்துவ பில்களைப் பார்க்கும் நிர்வாகக் கம்பெனியிடமிருந்து அந்த மெயில் வரும். இந்த வாரம் உங்கள் வங்கிக் கணக்கில் இவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி, கீழே ஒரு தொகை. 25,000 டாலர், 30,000 டாலர், மோசமான வாரம் என்றால் 50,000. பார்ப்பேன், வங்கித் தளத்தில் ஒப்புதல் கொடுப்பேன், காபி எடுக்கப் போவேன். 2019 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அந்தத் தொகை 4,21,600 என்று இருந்தது. யாரோ ஒரு சைபரைக் கூடப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து போன் செய்தேன். "இல்லை, சரிதான். அதில் 3,94,000 ஒரே ஆஸ்பத்திரி பில்" என்றாள் அந்தப் பெண், நாளைக்குப் பனி பெய்யுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

நான் மிச்சிகனில் கார் பாகங்கள் செய்யும் ஒரு குடும்பக் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். 212 ஊழியர்கள். 2017 வரை எல்லாச் சின்னக் கம்பெனிகளையும்போல ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாதாமாதம் பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தோம். வருடா வருடம் அது பத்து, பன்னிரண்டு சதவீதம் ஏறியது. புரோக்கர் வந்து, "நீங்களே நடத்துங்கள், மிச்சம் உங்களுக்கு" என்றார். 2018 ஜனவரி 1 முதல் செல்ஃப் ஃபண்டட் ஆனோம்.

நம் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டை வைத்துச் சொன்னால் இது சட்டென்று விளங்கும். மொத்தச் சாப்பாட்டுக்கும் இவ்வளவு என்று பேசிக் காண்ட்ராக்ட் விட்டுவிட்டால், கூட்டம் கூடினாலும் காய்கறி விலை ஏறினாலும் அது காண்ட்ராக்டர் பாடு. பிரீமியம் கட்டுவது அந்த மாதிரி. செல்ஃப் ஃபண்டட் என்பது மளிகைச் சாமானை நாமே வாங்கிப் போட்டுவிட்டு, சமையல்காரருக்குக் கூலி மட்டும் கொடுப்பது. கூட்டம் குறைந்தால் மிச்சம் நமக்கு. கூடினால்? அதற்கு ஒரு மாமா இருப்பார். "பயப்படாதே, இவ்வளவுக்கு மேல் போனால் நான் பார்த்துக்கிறேன்" என்பார். இங்கே சமையல்காரர் டிபிஏ எனப்படும் நிர்வாகக் கம்பெனி. மாமா, ஸ்டாப்-லாஸ் இன்சூரன்ஸ்.

அமெரிக்காவில் கம்பெனி மூலம் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் இந்த முறையில்தான் இருக்கிறார்கள். பலருக்கு அது தெரியாது. பர்ஸில் இருக்கும் கார்டில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். அது பெரும்பாலும் சமையல்காரரின் பெயர். காசு போவது நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து.

சரி, அந்தப் பில்லுக்கு வருகிறேன்.

எங்கள் தொழிற்சாலைத் தளத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு 2018 நவம்பர் 4 அன்று 27 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. 73 நாள் ஐசியூ. ஜனவரி 16 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி மொத்தமாக ஒரே பில் போட்டு அனுப்பியது. டிபிஏ அதைச் சரிபார்த்து, நெட்வொர்க் தள்ளுபடி (ஆஸ்பத்திரியோடு முன்கூட்டியே பேசி வைத்த குறைப்பு) போக 3,94,000 டாலர் என்று முடித்து, பிப்ரவரியில் எங்களிடம் பணம் கேட்டது. யாருடைய பில் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் 212 பேர் உள்ள இடத்தில் நவம்பரில் யாருக்குக் குழந்தை பிறந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

எனக்குப் பதற்றம் இல்லை. ஸ்டாப்-லாஸ் இருக்கிறதே! ஒரு ஆளுக்கு 75,000 டாலர் வரை எங்கள் பொறுப்பு, அதற்கு மேல் அவர்கள் பொறுப்பு. 3,94,000-ல் 75,000 போக 3,19,000 திரும்பி வந்துவிடும் என்று பேப்பரில் எழுதிக்கூட வைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது 6,000 டாலர்.

ஸ்டாப்-லாஸ் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், டிடக்டபிள் தொகைக்கு, அதாவது எங்கள் பொறுப்பான அந்த 75,000-க்குக் கீழே, "காண்ட்ராக்ட் பேஸிஸ்: 12/12" என்று ஒரு வரி இருக்கும். முதல் 12, சிகிச்சை எத்தனை மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது. இரண்டாவது 12, அதற்கான பணம் எத்தனை மாதத்துக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. இரண்டும் அதே வருடத்துக்குள் இருந்தால்தான் மாமா பர்ஸைத் திறப்பார். 2018-க்கு எங்களிடம் இருந்தது ஒரு கம்பெனியின் 12/12. நவம்பர், டிசம்பர் சிகிச்சை அந்த வருடத்தில் நடந்தது, ஆனால் பணம் போனது அடுத்த வருடம் பிப்ரவரியில். ஆகவே அவர்கள் கை கழுவினார்கள். 2019-க்கு நாங்கள் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தோம், பிரீமியம் 28,600 டாலர் குறைவு என்று. அதுவும் 12/12. பணம் போனது அவர்கள் வருடத்தில்தான், ஆனால் நவம்பர், டிசம்பர் சிகிச்சை அவர்கள் வருவதற்கு முன்பே நடந்தது. அவர்கள் ஜனவரியின் பதினைந்து நாளை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அது 81,000 டாலர். அதில் 75,000 போக மீதி 6,000. மிச்சம் 3,13,000 டாலர் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

டெட்ராய்ட் பக்கம் ஒரு பொங்கல் விழாவில் அறிமுகமான ஒரு அண்ணா, இந்தத் துறையில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அன்றிரவு அவருக்கு போன் செய்து இரண்டு ஒப்பந்தங்களின் முதல் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏம்மா, வாசக்கதவு கொல்லக்கதவு ரெண்டையும் திறந்து போட்டுட்டு நடு ஹால்ல படுத்திருக்கீங்களே" என்றார்.

அவர் அன்று விளக்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தப் புரோக்கரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. செல்ஃப் ஃபண்டட் ஆன முதல் வருடத்தில் 12/12 மலிவாகத்தான் இருக்கும். காரணம், வருடக் கடைசி பில்கள் எப்படியும் அந்த வருடத்துக்குள் வந்து சேராது. மலிவு என்று நாம் நினைப்பது அந்தக் கடைசி இரண்டு மூன்று மாதத்தை நம் தலையில் வைத்ததால் கிடைத்த மலிவு. அதைத் தவிர்க்க முதல் வருடமே 12/15 கேட்கலாம்: சிகிச்சை 12 மாதத்தில், பணம் கொடுக்க 15 மாதம் வரை. இதை ரன்-அவுட் என்பார்கள். அல்லது இரண்டாம் வருடத்தில் 15/12 அல்லது 24/12 கேட்கலாம். பணம் இந்த வருடத்தில் போனால் போதும், சிகிச்சை போன வருடக் கடைசியில் நடந்திருந்தாலும் சரி. இது ரன்-இன். ஏதாவது ஒரு கதவைச் சாத்தினால் போதும். புரோக்கர் கொடுத்த ஒப்பீட்டு அட்டவணையில் இது ஒன்பதாவது வரியாக இருந்தது. நான் முதல் மூன்று வரியைப் பார்த்தேன். பி.காம். படித்து, பதினைந்து வருடம் கணக்கு எழுதியவள். கணக்கு வருடம் முடிந்தும் பில் வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? மார்ச் மாதம் முழுக்க நம் ஊரில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

பணத்தை எப்படியோ புரட்டினோம். வங்கிக் கடன் வரம்பில் கொஞ்சம் எடுத்தோம். அந்த வருடம் வாங்குவதாக இருந்த பிரஸ் மெஷின் தள்ளிப்போனது. கொடுக்காமல் இருக்க வழியே இல்லை. ஸ்டாப்-லாஸ் ஒப்பந்தம் கம்பெனிக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ளது. ஊழியருக்குக் கொடுத்த வாக்கு பிளான் டாக்குமென்ட்டில் இருக்கிறது. மாமா கை விரித்தாலும் பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சோறு போட்டே ஆக வேண்டும். 1974-ல் வந்த எரிசா சட்டப்படி இந்தப் பிளான்கள் மத்திய அரசின் தொழிலாளர் துறையின் பார்வையில் வருகின்றன. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதிராக மாநிலச் சட்டம் கொடுக்கிற பல பாதுகாப்புகள் இதற்குப் பொருந்தாது.

மார்ச் மாதத்தில் அந்த ஊழியர் ஒரு பெட்டி டோநட் கொண்டுவந்து கேன்டீனில் வைத்தார். "இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா கேட்கவில்லை, எல்லாம் கட்டிவிட்டார்கள், கார்டில் இருக்கிறவர்கள் நல்லவர்கள்" என்று என்னிடம் சொன்னார். போனில் குழந்தையின் படத்தைக் காட்டினார். மூக்கில் குழாய் இல்லை. நான் ஒரு டோநட்டை எடுத்துக்கொண்டு, "நல்லது" என்றேன்.

அடுத்த பாடம் நாங்களே தேடிப்போய் வாங்கிக் கொண்டது. மெயின்டனன்ஸில் ஒரு பெரியவர், கம்பெனி ஆரம்பித்த காலத்து ஆள். புற்றுநோய். சட்டம் தரும் 12 வார விடுப்பு முடிந்தது. "அவரை விட்டுவிட மாட்டேன், சம்பளம் இல்லாவிட்டாலும் காப்பீடு ஓடட்டும்" என்றார் முதலாளி. மனிதத்தன்மையான முடிவு, எனக்கும் அதில் சம்மதம்தான். நான்கு மாதம் ஓடியது. அவருடைய செலவு 1,40,000-ஐத் தாண்டியபோது ஸ்டாப்-லாஸிடம் 65,000 டாலர் கேட்டோம். அவர்கள் எங்கள் பிளான் டாக்குமென்ட்டையே எடுத்து எங்களிடம் காட்டினார்கள். விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பாதவருக்குக் காப்பீடு முடிகிறது, கோப்ரா முறையில், அதாவது பிரீமியத்தைத் தானே கட்டி, தொடரும் வாய்ப்பு தரப்படும் என்று அதில் இருந்தது. கோப்ரா கடிதம் நாங்கள் அனுப்பவே இல்லை. உங்கள் டாக்குமென்ட்படி அவர் உறுப்பினரே இல்லை, ஆகவே எங்கள் பொறுப்பும் இல்லை என்றார்கள். சொன்னது சரி. எழுதாத நல்ல மனசுக்கு மாமா பணம் தர மாட்டார்.

இப்போது எங்கள் டாக்குமென்ட்டில் மருத்துவ விடுப்பில் இருப்பவருக்கு ஆறு மாதம் வரை காப்பீடு தொடரும் என்று எழுதியிருக்கிறோம். அதை எழுதிய கையோடு ஸ்டாப்-லாஸ் கம்பெனிக்கு அனுப்பி, ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வாங்கினோம். இதுதான் முக்கியம். இரண்டு டாக்குமென்ட்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல இருக்க வேண்டும் என்பார்கள். "பரிசோதனை நிலைச் சிகிச்சை" என்றால் என்ன, "மருத்துவத் தேவை" என்றால் என்ன, இதையெல்லாம் யார் முடிவு செய்வது என்று இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? பிளான் டாக்குமென்ட்டில் தளர்வாகவும் ஸ்டாப்-லாஸில் இறுக்கமாகவும் இருந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் நஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் விரித்து, மஞ்சள் பேனாவோடு உட்கார்ந்தேன். ஏழு இடம் பொருந்தவில்லை.

லேசர் என்ற சொல்லை முதலில் கேட்டபோது கண் ஆபரேஷன் என்று நினைத்தேன். புதுப்பிக்கும்போது ஸ்டாப்-லாஸ் கம்பெனி, பெரிய செலவு வரும் என்று தெரிந்த ஒரு ஆளை மட்டும் குறிவைத்து, அவருக்கு டிடக்டபிளை உயர்த்துவதற்குப் பெயர் லேசர். மற்ற எல்லாருக்கும் 75,000, இவருக்கு மட்டும் 2,50,000. அந்த ஊழியருக்குக் கிடைக்கும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லை, அவருக்கு இது தெரியவும் வராது. கூடுதல் 1,75,000 கம்பெனி தலையில். எங்களுக்கு 2020-க்கான புதுப்பிப்பில் ஒன்று வந்தது. நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் சாதாரணமாக, "யார் அந்த ஆள்?" என்று கேட்டார். நான் சொல்ல முடியாது என்றேன். "நம் பணம்தானே?" என்றார். நம் பணம்தான், ஆனால் உடம்பு அவருடையது. கூட்டம் கொஞ்சம் சூடானது. இதில் சட்டமும் என் பக்கம்தான். ஒருவரின் உடல்நிலையை வைத்து வேலையிலோ காப்பீட்டிலோ கை வைத்தால், லேசர் தொகையை விடப் பெரிய செலவு வரும்.

லேசரைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. "புதுப்பிக்கும்போது புது லேசர் கிடையாது, பிரீமியம் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாது" என்று ஒரு ஷரத்தை முதலிலேயே விலை கொடுத்து வாங்கலாம். பிரீமியம் கூடத்தான் செய்யும். நாங்கள் வாங்கினோம். எங்கள் அளவுக் கம்பெனி இதில் கஞ்சத்தனம் பார்ப்பது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒபாமா காலத்துச் சட்டத்துக்குப் பிறகு அத்தியாவசியச் சிகிச்சைகளுக்கு வாழ்நாளில் இவ்வளவுதான், வருடத்துக்கு இவ்வளவுதான் என்று பிளானில் உச்சவரம்பு போட முடியாது. 2019-ல் வந்த ஸோல்ஜென்ஸ்மா என்ற மரபணு மருந்தின் ஒரு டோஸ் விலை 21 லட்சம் டாலருக்கு மேல். 2022-ல் ஹெம்ஜெனிக்ஸ் என்ற இன்னொன்று வந்தபோது 35 லட்சம். எங்கள் மொத்த வருடச் செலவே அதில் பாதிதான்.

இன்னொன்று, மொத்தத் தொகைக்கான ஸ்டாப்-லாஸ். எல்லாருடைய செலவும் சேர்ந்து, எதிர்பார்த்ததில் 125 சதவீதத்தைத் தாண்டினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த எல்லையைத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கணக்கிடுவார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஆட்குறைப்பு செய்தபோது, தலை குறைந்ததால் அந்த எல்லையும் இறங்கும் என்று நம்பினேன். "குறைந்தபட்ச எல்லை" என்று ஒரு ஷரத்து இருந்தது. அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. நல்லவேளை, அந்த வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே யாரும் போகவில்லை.

சமையல்காரரின் ஒப்பந்தத்தையும் விட்டுவிடக் கூடாது. கூலி ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று முதல் பக்கத்தில் இருக்கும், சின்னத் தொகைதான். மீதி பின்னால். நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள பில்லைப் பேரம் பேசிக் குறைத்தால், குறைத்ததில் 30 சதவீதம் டிபிஏ-வுக்கு என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆஸ்பத்திரி 90,000 என்று வாய்க்கு வந்ததைப் போடும். அதை 20,000 ஆக்கிவிட்டு, 70,000 மிச்சப்படுத்தினோம் என்று 21,000 எடுத்துக்கொள்வார்கள். பில்லை விடக் கூலி அதிகம். இப்போது அதற்கு ஒரு பில்லுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறோம். கேட்டவுடன் ஒத்துக்கொண்டார்கள். ஏன் முன்பே கேட்கவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்கள் மாநிலத்திலேயே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. ஹை-லெக்ஸ் என்ற கார் பாகக் கம்பெனி, தன் பிளானை நிர்வகித்த ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்டு ஆஃப் மிச்சிகன் மீது போட்டது. ஆஸ்பத்திரி பில் தொகையோடு கூடுதல் கட்டணத்தைக் கலந்து பல வருடம் வசூலித்ததாகக் குற்றச்சாட்டு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே என்று ப்ளூ கிராஸ் தரப்பில் வாதிட்டார்கள். வாடிக்கையாளர் பணத்தைக் கையாளும் பொறுப்பை மீறியது என்று 2014-ல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. 50 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு. ஹை-லெக்ஸ்காரர்கள் ஜெயித்தார்கள், சரி. ஆனால் அவர்களுக்கே அது தெரியவர எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள். அதனால்தான் தணிக்கை உரிமை பற்றிய ஷரத்தைத் தனியாகப் படியுங்கள் என்கிறேன். எங்கள் பழைய ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒருமுறை, அவர்கள் அலுவலகத்தில், அவர்கள் ஒப்புக்கொள்ளும் தணிக்கையாளர், 200 கிளெய்ம் மட்டும் என்று இருந்தது. 200-ல் என்ன கண்டுபிடிப்பது? இன்று நிலைமை கொஞ்சம் மேல். விலை விவரத்தை மறைக்கும் வாய்ப்பூட்டு ஷரத்துகளை மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அப்படி எதுவும் இல்லை என்று நாமே வருடா வருடம் டிசம்பர் 31-க்குள் அரசுக்கு உறுதி சொல்ல வேண்டும். முதல் தடவை 2023-ல் சொன்னோம். 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்கும் புரோக்கர் தன் வருமானத்தை எழுத்தில் காட்ட வேண்டும் என்பதும் வந்துவிட்டது. எங்கள் புரோக்கரின் தாளைப் பார்த்தபோது, ஸ்டாப்-லாஸ் கம்பெனியிடமிருந்தும் அவருக்குக் கமிஷன் இருந்தது தெரிந்தது. அந்த 28,600 டாலர் மலிவு ஞாபகம் வந்தது. அவரை இப்போது மாற்றிவிட்டோம்.

கடைசியாக ஒரு சொல். "பெய்ட்", அதாவது பணம் கொடுக்கப்பட்டது. இதற்கு எங்கள் ஒப்பந்தத்தில் விளக்கம் மூன்று வரி: கிளெய்ம் முடிவாகி, காசோலை அனுப்பப்பட்டு, அது மாறுவதற்கான பணம் கணக்கில் இருக்க வேண்டும். மூன்றும் நடந்த நாள்தான் கொடுத்த நாள். டிசம்பர் கடைசி வாரத்தில் ரொக்கக் கையிருப்பு நன்றாகத் தெரிவதற்காக எல்லாப் பணத்தையும் ஜனவரி 2-க்குத் தள்ளுவது கணக்குப் பிரிவில் எல்லாரும் செய்கிற வேலை. நானும் செய்திருக்கிறேன். ஸ்டாப்-லாஸ் வருடம் டிசம்பரில் முடியும் கம்பெனியில் அது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. இப்போது டிசம்பர் முதல் வாரமே, நிலுவையில் உள்ள 25,000 டாலருக்கு மேற்பட்ட கிளெய்ம் எத்தனை, எதற்காக நிற்கிறது என்று டிபிஏ-விடம் பட்டியல் கேட்கிறேன். பெயர் வேண்டாம், எண்ணும் தொகையும் போதும். ஏதாவது ஒரு படிவம் வராமல் நின்றிருக்கும். துரத்தினால் வரும்.

இந்த வருடப் புதுப்பிப்புத் தாள்கள் போன வியாழக்கிழமை வந்தன. 24/12 என்று போட்டிருக்கிறார்கள், நல்லது. 14-ஆம் பக்கத்தில் "பெய்ட்" விளக்கத்தில் "அனுப்பப்பட்டு" என்று இருந்ததை "பெறப்பட்டு" என்று மாற்றியிருக்கிறார்கள். எதற்காக என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, நாளைக்கு போன் செய்ய வேண்டும்.